மூணு மாசம் கழியட்டும்

எங்கள் ஆத்துக்குள் இன்றுவரை ஒரு முட்டை நுழைந்ததில்லை. ஆனால் என் பகல் முழுக்க முட்டையோடுதான் போகிறது. ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவிலிருந்து ஸ்கூட்டரை எடுத்து, கிழக்கேகோட்டை பஸ்களுக்கு நடுவில் புகுந்து வெளியேறி, ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தால், இன்குபேட்டருக்குள் கருவுற்ற கோழிமுட்டைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் திரும்பினால் அம்மா வாசலிலேயே நிறுத்திவிடுவாள்.

"கொல்லைப் பக்கமாப் போய்க் குளிச்சுட்டு வா. எதையும் தொடாதே."

"கையுறை போட்டுண்டுதான்மா தொட்டேன்."

"கையுறைக்குத் தெரியுமா அது முட்டைன்னு?"

நான் கொல்லைப் பக்கமாகப் போய்விடுவேன்.

முட்டையில் அப்படி என்ன வேலை என்று யாராவது கேட்டால் போதும், போனை நீட்டிவிடுவேன். ஓட்டில் ஸ்டாம்பு அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டி உள்ளே பார்த்தால், மெல்லிய சவ்வின் மேல் சிவப்பாக ஒரு மரம் கிளைவிட்டிருக்கும். எல்லாம் ரத்தக்குழாய்கள். அதன் மேல் பொட்டு மாதிரி ஒரு காகித வட்டத்தை மருந்தில் நனைத்து வைத்துவிட்டு, ஜன்னலை மூடி, பிறகு திறந்து பார்க்க வேண்டும். மருந்து பலித்திருந்தால் காகிதத்தைச் சுற்றிக் கிளைகள் நின்றுபோயிருக்கும். அந்த இடம் மட்டும் வெளிறிக் கிடக்கும். புது ரத்தக்குழாய் முளைப்பதை எப்படி நிறுத்துவது என்பதுதான் என் படிப்பு. புற்றுநோய்க்காரர்களுக்கும் இது வேண்டும், கண்நோய்க்காரர்களுக்கும் வேண்டும். நான் கண்ணை எடுத்துக்கொண்டேன். அக்காவை நினைத்துத்தான்.

அக்காவுக்குப் பள்ளிக்கூட வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. பாவாடையைக் கொஞ்சம் இறக்கி வயிற்றில் இன்சுலினைக் குத்திக்கொண்டே, யார் ஜன்னலோர இடத்தில் படுப்பது என்று என்னோடு சண்டை போடுகிறவள். அப்பா போன பிறகு வீட்டில் அம்மா, அவள், நான். அவளுக்குக் கல்யாணமாகி அடுத்த தெருவுக்குப் போன பிறகு அம்மாவும் நானும். என் முட்டைப் படங்களை முகம் சுளிக்காமல் பார்த்த ஒரே ஆள் அவள்.

"அழகா இருக்குடீ. பட்டுப்புடவைக்கு இப்படி ஒரு பார்டர் போட்டா எப்படி இருக்கும்!" என்பாள். அப்புறம், போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "குஞ்சு என்ன ஆகும்?" என்று கேட்பாள். நான் வேறு எதையாவது பேச ஆரம்பித்துவிடுவேன்.

சர்க்கரை கண்ணில் என்ன செய்கிறது என்பதை அவளுக்கு எங்கள் தெருக் குழாயை வைத்து விளக்கினேன். எனக்கு எதையும் விளக்காமல் இருக்க முடியாது, அது ஒரு வியாதி. கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கிற விழித்திரைக்குத் தாகம் அதிகம். சர்க்கரை ஏறிக்கிடக்கும் ரத்தம் அங்கேயுள்ள மெல்லிய குழாய்களின் உள்சுவரை எந்நேரமும் சீண்டிக்கொண்டே இருக்கிறது. உடம்பு அதை ஏதோ கிருமி வந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. வெள்ளை அணுக்கள் ஓடிவந்து சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. சுவர் அழன்று, தளர்ந்து, கசிகிறது. சில குழாய்கள் அடைத்தே போகின்றன. அந்தப் பக்கத்து விழித்திரை தண்ணீர் கேட்டுக் கத்துகிறது. கத்தலைக் கேட்டுப் புதுக்குழாய்கள் முளைக்கின்றன, ஆனால் அவசரத்தில் முளைத்தவை. சுவரே இல்லாத மாதிரி சுவர். எங்கேயாவது உடையும், கண்ணுக்குள் ரத்தம் பரவும்.

"நம்ம தெருவுல பைப்பு பொட்டி ஒடைஞ்சா ஆளாளுக்கு ஹோஸைப் போட்டு இழுப்பாளே, அப்புறம் ரோடு பூரா வெள்ளமாகுமே, அதே கதைதான்" என்றேன். "இதுல தப்பு பண்றவா யாருமே இல்ல, கேட்டியா. வர்றவா எல்லாரும் உதவி பண்ணத்தான் வரா."

"புரிஞ்சுடுத்து. கல்யாணத்துக்கு மொத நாளே வந்து எறங்கற நம்ம சொந்தக்காரா."

இப்படித்தான் அவள். அவள் கண்ணைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம், அவளுக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் வருஷா வருஷம் தவறாமல் போய்க் கண்ணைக் காட்டிக்கொண்டுதான் வந்தாள். அங்கங்கே புள்ளி தெரிகிறது, இப்போதைக்குப் பயமில்லை, விடாமல் வந்துகொண்டிருங்கள் என்றுதான் டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் தடவை அவள் கர்ப்பமானபோது அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பால்பாயசம் வைத்துத் தெரு முழுக்கக் கொடுத்தாள். மாமிகள் வந்து அக்காவின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில் அது கலைந்துபோயிற்று. பாயசம் வாங்கிக்கொண்ட ஒவ்வொரு வீட்டுக்காரரும் திரும்ப வந்து துக்கம் விசாரித்தார்கள். அம்மா அந்த வாரம் முழுக்கச் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. "நான்தான் ஊரைக் கூட்டினேன்" என்று அடுப்பிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதனால் இரண்டாவது தடவை அம்மா எல்லார் வாயையும் கட்டிவிட்டாள். மூணு மாசம் கழியட்டும், அதுவரை யாருக்கும் தெரியக்கூடாது. எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை, எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அக்காவுக்குத் தெரியும், அத்திம்பேருக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். எனக்குச் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் அக்கா வீட்டில் காப்பி குடித்துவிட்டு, புது ரத்தக்குழாய் எப்படி முளைக்கிறது என்று வாய் ஓயாமல் பேசிவிட்டு வந்த எனக்குச் சொல்லவில்லை.

தெரிய வந்தது கல்லாற்றில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொன்முடிக்குப் போகலாம் என்று அத்திம்பேர் காரை எடுத்தார். மலை ஏறும் வளைவுகளுக்கு முன்னாலேயே அக்காவுக்கு வயிற்றைப் புரட்டியது. கீழே ஆற்றங்கரையிலேயே நிறுத்திவிட்டோம். அத்திம்பேர் கடையில் சுக்குவெள்ளம், சுக்குப் போட்டுக் காய்ச்சிய வெந்நீர், வாங்கப் போனார். ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் அவருக்குக் கம்ப்யூட்டர் வேலை, அதிகம் பேசாத மனுஷர். அக்காவும் நானும் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தோம். அடியில் உருண்டைக் கற்கள் ஒவ்வொன்றும் தெரியும்படி அவ்வளவு தெளிந்த தண்ணீர்.

"அங்க பாரு, கறுப்பா என்னமோ ஓடறது. பாம்பாடீ?"

"எங்க?"

"இதோ... இப்ப இந்தப் பக்கம் வந்துடுத்து." கையால் முகத்துக்கு முன்னால் விசிறினாள். அப்புறம் கை அப்படியே நின்றுவிட்டது. கண்ணை மூடினாள், திறந்தாள். "தண்ணியில இல்லடீ. நான் எங்க பார்த்தாலும் கூடவே வரது. நூலை அவுத்து விட்ட மாதிரி."

எனக்குப் பாடப்புத்தகம் வேண்டியிருக்கவில்லை. "கடைசியா எப்போ கண்ணைக் காட்டினே?"

அவள் அப்போதுதான் டம்ளர்களோடு வந்து நின்ற அத்திம்பேரைப் பார்த்தாள். அவர் ஆற்றைப் பார்த்தார்.

"சொல்லிடுங்கோ. இனிமே என்ன" என்றாள் அக்கா.

"உங்க அக்கா உண்டாயிருக்கா" என்றார் அவர். "மூணு மாசம் முடியட்டும்னு..."

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டே திட்டவும் செய்தேன். "ஏன் என்கிட்ட சொல்லலை? நான் இதைத்தானே படிக்கறேன்? வேற எதுக்குப் படிக்கறேன்?"

"உனக்கு வாயில கதவு கெடயாதேடீ" என்றாள், என் தோளில் முகத்தை வைத்தபடி. "கிழக்கேகோட்டை பஸ்ஸுல ஏறறவா இறங்கறவாகிட்ட எல்லாம் சொல்லியிருப்பே."

திரும்பி வரும் வழியில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிரசவ டாக்டரை வேண்டுமென்றே ஊரின் மறுகோடியில் பார்த்திருக்கிறார்கள். அவரும் உடனே கண்ணைக் காட்டச் சொல்லியிருக்கிறார். ஆனால் எங்கள் கண் ஆஸ்பத்திரியில் கவுண்டரில் உட்காருகிறவர் எதிர்வீட்டு மாமி. கண்பாப்பாவை விரிக்கிற சொட்டு மருந்து போடும் முன்னால் 'கர்ப்பமா?' என்று கேட்பார்கள், இல்லையென்று பொய் சொல்ல முடியாது, ஆமாம் என்றால் மாமியின் காதில் விழும். மூணு மாசம் கழியட்டும், போய்க்கொள்ளலாம். இதற்கு நடுவில் குழந்தைக்காகச் சர்க்கரையை அவள் கண்டிப்பாக இறக்கியிருந்தாள். சாதத்தைக் குறைத்து, ராத்திரி எழுந்து எழுந்து விரலைக் குத்திப் பார்த்து, இத்தனை வருஷத்தில் இல்லாத அளவுக்கு. குழந்தைக்கு அது நல்லதுதான். ஆனால் பல வருஷமாக ஏறியிருந்த சர்க்கரை சடசடவென்று இறங்கினால் கண் கொஞ்ச காலத்துக்கு மோசமாகும். கர்ப்பமும் அதன் பங்குக்கு மோசமாக்கும். இரண்டும் சேர்ந்தால் அடிக்கடி கண்ணைப் பார்த்தே ஆக வேண்டும். இதை நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

மறுநாள் போனபோது கவுண்டரில் மாமிதான் இருந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், எழுந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையைத் தாண்டி உள்ளே கூட்டிப்போனார். வெளியே வந்து என்னிடம் மட்டும், "நான் யார்கிட்ட சொல்லப்போறேன் கண்ணு? என் பொண்ணுக்கும் மூணு மாசம் சொல்லாமத்தானே வச்சிருந்தேன்" என்றார். மாமியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். "குறச்சு நேரத்தே வராமாயிருந்நு" என்றார் மலையாளத்தில், மெதுவாக. கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்று. திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு கண்ணிலும் புதுக்குழாய்கள் முளைத்திருந்தன. இடது கண்ணில் ஒன்று உடைந்து ரத்தம் நிறைந்திருந்தது. லேசர் வைக்கலாம். விழித்திரையின் ஓரங்களைச் சின்னச் சின்னதாகச் சுட்டுவிட்டால் அந்தப் பகுதி தண்ணீர் கேட்டுக் கத்தாது, நடுப்பார்வை பிழைக்கும். ஆனால் ரத்தத்தைத் தாண்டி லேசர் போகாது. முளைத்ததைச் சீக்கிரம் வாட வைக்க ஒரு ஊசி இருக்கிறது, கண்ணுக்குள்ளேயே போடுவது. சாதாரணமாக இருந்தால் அன்றைக்கே போட்டிருப்பார். அது தடுப்பது புது ரத்தக்குழாயை முளைக்கச் சொல்லும் அந்தச் சமிக்ஞையை. வயிற்றில் குழந்தை வளருவதும் அதே சமிக்ஞையால்தான். கண்ணில் போட்டதில் ஒரு துளி உடம்பின் ரத்தத்திலும் கலக்கும். போட்டுக்கொண்டு நல்லபடியாகப் பெற்றவர்களும் உண்டு, இழந்தவர்களும் உண்டு, ஊசிதான் காரணமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "நான் போடச் சொல்ல மாட்டேன். ஆனா பார்வை போற நிலைமை வந்தா வேண்டாம்னும் சொல்ல மாட்டேன். நீங்க ஆலோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

அன்று மத்தியானம் எங்கள் வீட்டுக் கூடத்தில் அக்கா தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"போனை எடு" என்றாள் என்னிடம். "அந்த வெளுத்த வட்டம் இருக்குமே, அந்தப் படம்."

எடுத்துக் கொடுத்தேன். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தாள்.

"குஞ்சு என்ன ஆகும்? இந்தத் தடவை பேச்சை மாத்தாதே."

"அக்கா, முட்டை வேற நீ வேற. நான் வைக்கற மருந்து அந்த ஊசியே இல்ல, அதுக்குத் தூரத்துச் சொந்தம். அளவும்..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"எல்லாம் இல்ல. சிலது வளராது."

அவள் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரை தானாக அணைந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள். "வேண்டாம்" என்றாள்.

அத்திம்பேர் வாசலுக்கு எழுந்து போனார். அம்மாதான் முன்னால் வந்து உட்கார்ந்தாள். வாயைக் கட்டிய அதே அம்மா. "போட்டுக்கோடி. உன் கண்ணு எனக்கு வேணும். கொழந்தை... இன்னொண்ணு பொறக்கும்டி." சொல்லி முடிக்கும் முன்னால் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

"இன்னொண்ணு வந்தாலும் இதே கண்ணுதானேம்மா" என்றாள் அக்கா. கோபமே இல்லாமல் சொன்னாள்.

அதற்குப் பிறகு லேசர்தான். வலது கண்ணில் பல தடவை. "உள்ள பச்சையா மின்னல் வெட்டறதுடீ, கோவில் பூரம் வெடிக்கெட்டு வாணம் மாதிரி" என்று வெளியே வந்து சிரிக்கப் பார்ப்பாள். இடது கண்ணில் ரத்தம் கொஞ்சம் வடிந்து தெளிந்தபோது அதிலும் வைத்தார்கள். ஆனால் முளைத்தவை தழும்பாகி விழித்திரையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்திருந்தன. நான் ஆய்வுக்கூடத்தில் ஜன்னல் வெட்டுவேன், காகிதம் வைப்பேன், மூடுவேன். என் மருந்து நன்றாக வேலை செய்தது. வழிகாட்டிப் பேராசிரியர் பாராட்டினார். அந்த வெளுத்த வட்டங்களை நான் அதற்குப் பிறகு யாருக்கும் போனில் காட்டவில்லை.

ஏழாம் மாதத்தில் வலது கண்ணிலும் குழாய் உடைந்து ரத்தம் பரவியது. காலையில் எழுந்து, "விளக்கைப் போடேன்" என்று கேட்டிருக்கிறாள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது என்று அத்திம்பேர் சொன்னார். அதே வாரம் ரத்த அழுத்தம் ஏறி, காத்திருக்க முடியாது என்று குழந்தையை வெளியே எடுத்தார்கள். பெண் குழந்தை. என் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை இருந்தாள், அவ்வளவுதான்.

பிரசவத்துக்குப் பிறகு அக்காவுக்குக் கண்ணில் ஊசி போட்டார்கள். ஆபரேஷன் செய்து ரத்தத்தை எடுத்தார்கள், தழும்பை உரித்தார்கள். செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தார்கள். இப்போது அவளுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும். எதிரில் ஆள் வருவது தெரியும், யார் என்று தெரியாது. டாக்டர் இதைச் சொன்னபோது அக்கா தலையை ஆட்டினாள், அவர் இருந்த திசைக்குக் கொஞ்சம் தள்ளி.

குறைமாதக் குழந்தைகள் வார்டில், கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

"மூக்கு யார் மாதிரி?"

"அத்திம்பேர் மாதிரி."

"ஐயோ பாவம்" என்றாள். நர்ஸ் கூடச் சிரித்துவிட்டார். அத்திம்பேர் சிரித்துக்கொண்டே வெளியே போனார், வெகுநேரம் திரும்பி வரவில்லை.

அதோடு முடியவில்லை. சீக்கிரம் பிறந்த குழந்தைகளுக்கு விழித்திரையில் ரத்தக்குழாய்கள் ஓரம் வரை வளர்ந்து முடிந்திருக்காது. சில குழந்தைகளுக்கு அவை பாதி வழியில் நின்றுவிட்டு, பிறகு தறிகெட்டு முளைக்கும். அக்காவின் கண்ணில் நடந்ததேதான். அப்படி ஆனால் இவளுக்கும் லேசர், இல்லாவிட்டால் ஊசி. அக்கா எந்த ஊசியை வேண்டாம் என்றாளோ அதே ஊசி. இதை அக்காவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு, "பொண்ணுக்கு வேணும்னா உடனே போடச் சொல்லு. ஒரு நாள் கூடத் தள்ளாதே" என்றாள்.

பரிசோதனைக்குப் பரிசோதனை, 'இன்னும் வளரணும், திரும்பக் கொண்டுவாங்க' என்றே டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசித் தடவை நான் உள்ளே போனேன். இமையை விரித்துப் பிடித்துக் கேமராவை வைக்கும்போது குழந்தை கதறும், அத்திம்பேரால் அதைப் பார்க்க முடியாது. திரையில் படம் வந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம், நடுவிலிருந்து கிளம்பிக் கிளை கிளையாகப் பிரியும் சிவப்பு மரம். எத்தனையோ மரங்களைப் பார்த்திருக்கிறேன், எல்லாவற்றையும் நிறுத்துவதற்காகத்தான் பார்த்தேன். இந்த ஒன்று நிற்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். டாக்டர் ஒவ்வொரு கிளையாகப் பின்தொடர்ந்து போனார். "அற்றம் வரே எத்தி" என்றார். ஓரம் வரை வந்துவிட்டது.

வெளியே பெஞ்சில் அக்கா. உள்ளே கேட்ட அழுகை முழுவதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்.

"என்னடீ?"

"ஓரம் வரைக்கும் வந்துடுத்து. ஊசி வேண்டாம், லேசர் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"படம் எடுத்தியா?"

டாக்டரிடம் கேட்டுத் திரையைப் போனில் எடுத்திருந்தேன். கொடுத்தேன். மூக்கில் ஒட்டிவைத்துக்கொண்டு அப்படியும் இப்படியும் திருப்பினாள். "செவப்பா என்னமோ இருக்கு" என்றாள். "நன்னா இருக்கா?"

"பட்டுப்புடவை பார்டர் மாதிரி."

போனை மடியில் வைத்துக்கொண்டாள். அதுவரை ஒரு தடவைகூட எங்கள் முன்னால் அழாதவள், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதாள். டாக்டர் ஆபரேஷன் ஆன கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லியிருந்தார். யாரும் அவளுக்கு அதை ஞாபகப்படுத்தவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா வாசல் கதவைத் திறந்துவைத்தாள். அதுவரை யாரையும் உள்ளே விடாமல் வைத்திருந்தவள், தானே தெருவில் இறங்கிப் போய் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டாள். கூடம் நிறைய மாமிகள். எதிர்வீட்டு மாமியும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்க அம்மா மை டப்பாவை எடுத்தாள்.

"நான் வைக்கறேன்" என்றாள் அக்கா.

ஒரு விரலில் மையைத் தொட்டுக்கொண்டாள். இன்னொரு கையால் குழந்தையின் முகத்தைத் தடவி, கன்னத்தைக் கண்டுபிடித்து, அங்கே அடையாளத்துக்குக் கட்டைவிரலை வைத்துக்கொண்டாள். அதே நேரம் குழந்தை தலையைத் திருப்பியது. பொட்டு மூக்கு நுனியில் போய் விழுந்தது, நல்ல பெரிதாக.

"கன்னத்துல சரியா இருக்கா?" என்று கேட்டாள் அக்கா, நிமிர்ந்து, எங்கள் எல்லாரையும் பார்த்து.

அம்மாவின் கை புடவைத் தலைப்போடு துடைக்க நீண்டது. பாதியில் நின்று மடிக்குத் திரும்பியது. குழந்தை மூக்கைச் சுருக்கிக்கொண்டு தும்மியது.

"சரியா இருக்குடி கண்ணு" என்றார் எதிர்வீட்டு மாமி.

அக்கா என் பக்கம் திரும்பினாள். என் குரல் வரும் என்று அவளுக்குத் தெரிந்த இடத்துக்கு. "நீ சொல்லு."

"சரியா இருக்கு" என்றேன்.